அந்தக் கடைசி ஐந்து நிமிடங்கள்



அடக்கச் சடங்கு முடிந்து, ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டுவிட்டு எல்லாரும் கல்லறைத் தோட்டத்தை விட்டுக் கலையும் நேரம். அப்போது குருக்களாகிய நம்மிடம் யாராவது ஒருவர் தனியே வந்து நிற்பது உண்டு. பெரும்பாலும் அவர் இறந்தவரின் மகனாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பார். பக்கவாதத்தில் விழுந்த பெரியவரை மூன்று நான்கு ஆண்டுகளாகக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டவர் அவர்தான் என்பது பங்கு மக்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று நான்கு ஆண்டுகளைப் பற்றி அவர் பேசமாட்டார். அப்பாவின் உயிர் பிரியும்போது தாம் பக்கத்தில் இல்லையே, நைட் ஷிப்டுக்குப் போய்விட்டோமே என்பார். அல்லது, கொஞ்சம் கண் அசந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதே என்பார். ஆயிரம் இரவுகள் விழித்திருந்தது அவருக்கு நினைவில் இல்லை. தூங்கிப்போன ஒரு இரவுதான் நினைவில் நிற்கிறது.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என நீளும் நம் தொழிற்பகுதியில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை தேடி வெளிமாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நம் பங்குகளில் பல. சொந்த ஊரில் இருந்தால் பெரியம்மா, சித்தப்பா, அத்தை என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். இங்கே வாடகை வீட்டில் கணவருக்கு ஒரு ஷிப்டு, மனைவிக்கு ஒரு ஷிப்டு. இன்னும் சிலர் விடியற்காலையிலேயே அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், அவரோடு சேர்ந்து இன்னொருவரும் மெல்ல மெல்லச் சாய்ந்து போகிறார். நோயாளிக்கு எப்படி இருக்கிறது என்று எல்லாரும் கேட்கிறோம். அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறோமா?

இந்தக் கேள்வியோடு, நாம் அனைவரும் அறிந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையை இன்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம். விடுதலைப் போராட்டத் தலைவராக நாம் அறிந்த காந்தியடிகள், ஒரு காலத்தில் நோயுற்ற தந்தையைக் கவனித்துக்கொண்ட ஒரு பள்ளிச் சிறுவர். அந்தச் சிறுவரின் மனதில் விழுந்த காயம் அவரை எத்தனை ஆண்டுகள் தொடர்ந்தது என்பதை அறிந்தால் நமக்கு வியப்பாக இருக்கும்.

பதினாறு வயதில் செவிலியர் பணி

மோகன்தாஸ் 1869 அக்டோபர் 2 அன்று குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி போர்பந்தரிலும், பின்னர் ராஜ்கோட்டிலும் திவானாகப் பணியாற்றியவர். தாய் புத்லிபாய். சிறுவயதில் மோகன்தாஸின் மனதைக் கவர்ந்தது சிரவணனின் கதை. பார்வையற்ற தம் தாய் தந்தையரைக் காவடியில் சுமந்து திருத்தலங்களுக்கு அழைத்துச் சென்ற மகன் அவன். அந்த நாடக நூலைப் படித்தும், ஊர் ஊராகப் படம் காட்டுவோர் கொண்டுவந்த சித்திரத்தைப் பார்த்தும், தாமும் சிரவணனைப் போல ஆக வேண்டும் என்று அவர் உறுதி கொண்டார். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னாளில் அவர் தம்மை அளந்து பார்த்த அளவுகோல் இதுதான்.

பதின்மூன்று வயதில் கஸ்தூரிபாவோடு திருமணம் நடந்தது. செலவைக் குறைப்பதற்காக அண்ணன், உறவினர் ஒருவர், மோகன்தாஸ் ஆகிய மூவருக்கும் போர்பந்தரில் ஒரே நேரத்தில் மணம் முடிக்க ஏற்பாடாயிற்று. ராஜ்கோட்டிலிருந்து ஏறக்குறைய 120 மைல். மாட்டுவண்டியில் ஐந்து நாள் பயணம். வேலை காரணமாகத் தாமதமாகப் புறப்பட்ட தந்தை, குதிரைவண்டியில் மூன்றே நாளில் வந்து சேர முயன்றார். மூன்றாவது நாளில் வண்டி கவிழ்ந்து பலத்த காயம் ஏற்பட்டது. உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு மகன்களின் திருமணத்தில் அவர் கலந்துகொண்டார்.

சில ஆண்டுகளில் தந்தை பௌத்திர நோயால் படுக்கையில் விழுந்தார். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு முக்கியமாக மூவரிடம் இருந்தது. தாய், வீட்டில் நெடுநாள் பணியாற்றிய வேலைக்காரர், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மோகன்தாஸ். புண்ணைக் கழுவிக் கட்டுவது, வேளை தவறாமல் மருந்து கொடுப்பது, வீட்டிலேயே தயாரிக்க வேண்டிய மருந்தைக் கலக்குவது ஆகியவை அவருடைய வேலை. ஒவ்வோர் இரவும் தந்தையின் கால்களைப் பிடித்துவிடுவார். போய்ப் படு என்று தந்தை சொன்ன பிறகு, அல்லது தந்தை தூங்கிய பிறகுதான் எழுந்து செல்வார். பள்ளி நேரம் போக மீதி நேரம் எல்லாம் தந்தைக்கே. தந்தைக்கு உடம்பு சற்று நன்றாக இருக்கும் மாலைகளில், அவர் அனுமதி கொடுத்தால் மட்டும் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வருவார்.

இந்தப் படுக்கையருகில்தான் இன்னொரு நிகழ்வும் நடந்தது. அண்ணனின் கடனை அடைக்க, அண்ணனின் கைக்காப்பிலிருந்து சிறிது தங்கத்தை எடுத்த குற்றம் மோகன்தாஸின் மனதை உறுத்தியது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தையிடம் நீட்டினார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து அதைப் படித்தார். கண்ணீர் வழிந்தது. ஒன்றும் சொல்லாமல் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். மன்னிப்பு என்றால் என்ன என்பதை மகன் அன்று அறிந்தார். ஆனால் அந்த மன்னிப்பைப் பின்னாளில் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

சிகிச்சை குறித்தும் வீட்டில் குழப்பம் இருந்தது. ஆயுர்வேத வைத்தியர், யுனானி வைத்தியர், கைவைத்தியம் தெரிந்தவர் எனப் பலர் வந்து போனார்கள். ஆங்கில அறுவை மருத்துவர் ஒருவர் பம்பாயில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். குடும்ப வைத்தியர் வயதைக் காரணம் காட்டி வேண்டாம் என்றார். அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது. அன்று அதைச் செய்திருந்தால் புண் ஆறியிருக்குமே என்ற எண்ணம் மகனுக்குப் பின்னாளிலும் இருந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோயிருக்கலாமோ, முதலிலேயே வேறு மருத்துவரைப் பார்த்திருக்கலாமோ என்று இன்று நம் வீடுகளில் எழும் அதே கேள்விதான்.

அந்த இரவு

1885 நவம்பர் மாதம். தந்தையின் உடல்நிலை மோசமாகிறது என்று கேள்விப்பட்டு அவருடைய தம்பி ராஜ்கோட்டுக்கு வந்திருந்தார். பகல் முழுவதும் அண்ணன் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார். இரவில் எல்லாரையும் அனுப்பிவிட்டு, தாம் அங்கேயே படுத்துக்கொள்வேன் என்று பிடிவாதமாக இருப்பார். அன்றுதான் கடைசி இரவு என்று யாரும் நினைக்கவில்லை.

இரவு பத்தரை, பதினொரு மணி இருக்கும். மோகன்தாஸ் வழக்கம்போல் தந்தையின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். சிறிய தந்தை அவரை எழுப்பி, தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மோகன்தாஸ் மகிழ்ச்சியோடு எழுந்து தம் அறைக்குச் சென்றார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் அப்போது கருவுற்றிருந்தார். மோகன்தாஸ் அவரை எழுப்பினார். ஐந்தாறு நிமிடங்கள் கூட ஆகியிருக்காது. வேலைக்காரர் கதவைத் தட்டினார். தந்தை இறந்துவிட்டார்.

முடிவு நெருங்குவதைத் தந்தை உணர்ந்து, எழுதுகோலும் தாளும் கேட்டுச் சைகை செய்து, இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்யும்படி எழுதிக் காட்டியிருக்கிறார். கையில் கட்டியிருந்த தாயத்தையும் கழுத்திலிருந்த துளசி மாலையையும் கழற்றி எறிந்திருக்கிறார். இவையெல்லாம் நடந்தபோது சிறிய தந்தை அருகில் இருந்தார். மகன் இல்லை. சில வாரங்கள் கழித்துப் பிறந்த குழந்தையும் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் உயிரோடு இல்லை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கியபோது, இந்த நிகழ்வுக்கென்று ஒரு தனி அத்தியாயத்தையே காந்தியடிகள் ஒதுக்கினார். மனைவிமீது கொண்ட ஆசை கண்ணை மறைத்ததால்தான் தந்தையின் கடைசி நேரத்தில் அருகில் இல்லாமல் போனேன் என்று தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அந்தக் கறையைத் தம்மால் அழிக்கவும் மறக்கவும் முடியவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

காந்தியடிகள் மீது நாம் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறோம். ஆயினும் இந்த ஓர் இடத்தில் அவர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட தீர்ப்பை நம்மால் ஏற்க முடியவில்லை. சற்று எண்ணிப் பாருங்கள். அவர் பதினாறு வயதுச் சிறுவர். பள்ளிக்கும் போய்க்கொண்டு, நாள்தோறும் புண்ணைக் கழுவிக் கட்டியவர். அன்று இரவும் பதினொரு மணிவரை கால் பிடித்துவிட்டவர். நோயாளியைத் தனியே விட்டுவிட்டு அவர் போகவில்லை. தந்தையின் சொந்தத் தம்பி வந்து, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகே போனார். கணவன் மனைவியிடம் செல்வதைத் திருச்சபை குற்றமாகப் பார்ப்பதில்லை, அதைத் திருமண அருளடையாளத்தின் பகுதியாகவே பார்க்கிறது. அந்த ஐந்து நிமிடம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அது அவர் தூங்கும்போது வந்திருக்கலாம், பள்ளியில் இருந்தபோதும் வந்திருக்கலாம்.

பெற்றோரைக் காவடியில் சுமந்த சிரவணனோடு அவர் தம்மை ஒப்பிட்டுப் பார்த்தார். கதையில் வரும் சிரவணனுக்குக் கால் வலிக்காது, தூக்கம் வராது. மனிதருக்கு இரண்டும் வரும்.

பிறர் கைகளில் ஒப்படைத்தல்

காந்தியடிகளின் பிற்கால வாழ்க்கையைப் பார்த்தால், நோயாளிகளைக் கவனிக்கும் ஆர்வம் அவரை விட்டு ஒருபோதும் அகலவில்லை. லண்டனில் சட்டம் படித்துவிட்டு 1891-இல் திரும்பியபோதுதான், தாம் வெளிநாட்டில் இருந்த காலத்தில் தாயும் இறந்துவிட்ட செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. 1896-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தபோது, நோயுற்ற தம் சகோதரியின் கணவரை வீட்டுக்கு அழைத்து வந்து, தம் அறையிலேயே படுக்கவைத்து, இரவும் பகலும் உடனிருந்து கவனித்தார். அவரும் பிழைக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒருநாள் தொழுநோயாளி ஒருவர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கு இடம் கொடுத்து, புண்களுக்குக் கட்டுப்போட்டு, பராமரித்தார். ஆனால் அவரை நிரந்தரமாக வீட்டில் வைத்துக்கொள்ளத் தம்மால் இயலாது என்பதை உணர்ந்து, ஒப்பந்தத் தொழிலாளருக்கான அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதன் பிறகு மருத்துவர் பூத் என்பவர் பொறுப்பில் நடந்த ஒரு சிறிய அறப்பணி மருத்துவமனையில், நாளுக்கு ஓரிரு மணி நேரம் மருந்து கொடுக்கும் பணி செய்தார். அங்கே வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள். நம் முன்னோரின் உறவினர்கள் சிலருக்கும் அந்தக் கைகள் மருந்து கலந்து கொடுத்திருக்கலாம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தந்தையின் படுக்கையருகே எல்லாவற்றையும் தானே செய்ய நினைத்தவர், இப்போது தம்மால் முடிந்த அளவு எது என்று பார்த்துச் செய்கிறார். முடியாததை முடிந்தவரிடம் ஒப்படைக்கிறார். அது கைவிடுதல் ஆகாது.

எனினும் எல்லாம் அவருக்குக் கைகூடிவிடவில்லை. மூத்த மகன் ஹரிலால் தந்தையிடமிருந்து விலகி, குடிப்பழக்கத்திலும் வீழ்ந்தார். மகனை நினைத்துக் கஸ்தூரிபா வடித்த கண்ணீர் கொஞ்சமல்ல. ஊரார் புண்ணுக்கெல்லாம் மருந்திட்டவரால் இந்தப் புண்ணை ஆற்ற முடியவில்லை. குடியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு போராடும் தாய்மார்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். அன்பு குறைந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று அவர்களை நாம் குறை சொல்லலாகாது.

நம் பக்கத்து மலையில் ஓர் ஓய்வு

1927 மார்ச் மாதம், சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தியடிகளின் உடல்நலம் திடீரெனச் சரிந்தது. இரத்த அழுத்தம் மிகவும் கூடியிருந்தது. அளவுக்கு மீறிய உழைப்பே காரணம் என்று மருத்துவர்கள் கண்டு, ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அவர் ஓய்வுக்காக வந்த இடம் நமக்கு அதிகத் தூரம் இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூரைக் கடந்து வடக்கே போனால் வரும் நந்தி மலைதான் அது. அந்த ஏப்ரலில் அங்கு வந்தவர் ஜூன் தொடக்கம் வரை தங்கினார். பிறகு பெங்களூரில் தங்கி ஓய்வைத் தொடர்ந்தார். உடல் தேறிய பின்னரே, அந்த ஆண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தைத் தொடங்கினார்.

அந்நாட்களில் அவருக்குத் துணையாக நின்றவர்களில் ஒருவர், நம் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி. நாற்பது வயதை எட்டும் முன்பே மனைவியை இழந்து, ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தனியே ஏற்றவர் அவர். கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியாதா என்ன! 1936-ஆம் ஆண்டிலும் உடல்நலம் குன்றியபோது காந்தியடிகள் மறுபடி இதே நந்தி மலைக்கு வந்தார்.

நாடு முழுவதும் அவருக்காகக் காத்திருந்த காலம் அது. வேலை இல்லாததால் அவர் ஓய்வெடுக்கவில்லை. ஓய்வெடுக்காவிட்டால் வேலையே செய்ய முடியாது என்பதால் எடுத்தார். அன்றாட நடைப்பயிற்சியை அவர் எளிதில் விட்டதில்லை. வாரத்தில் ஒருநாள், திங்கட்கிழமை, பேசாமல் மௌனம் காப்பதைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தார். பிறருக்காக வாழ்ந்தவர் தமக்கென்று ஒருநாளை வேலி போட்டுக் காத்துக்கொண்டார்.

மடியில் முடிந்த பயணம்

1942 ஆகஸ்டில் காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் கைது செய்யப்பட்டு, புனேயில் உள்ள ஆகாகான் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார்கள். அங்கே கஸ்தூரிபாவின் இதயம் பலவீனமடைந்தது. பல மாதங்கள் படுக்கை. இம்முறை கவனிப்பு ஒருவர் தோளில் மட்டும் விழவில்லை. உடன் காவலில் இருந்த மருத்துவர் சுசீலா நய்யார், மருத்துவர் கில்டர், உறவினர் பெண் மனு எனப் பலரும் பகிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். கடைசி நாட்களில் இளைய மகன் தேவதாஸும் வந்திருந்தார். அப்போது புதிதாக வந்திருந்த பென்சிலின் மருந்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மகன் கொடுக்க விரும்பினார். முடிவு நெருங்கிய நிலையில் திரும்பத் திரும்ப ஊசி குத்தி வேதனைப்படுத்த வேண்டாம் என்று காந்தியடிகள் கருதினார். கொடுக்கவில்லை. இருவருமே அவர்மீது கொண்ட அன்பினால்தான் பேசினார்கள்.

1944 பிப்ரவரி 22, மாலை. கஸ்தூரிபாவின் உயிர் கணவரின் மடியில் பிரிந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இல்லறம் அங்கே நிறைவுற்றது. தந்தையின் கடைசி நேரத்தைத் தவறவிட்டதற்காக வாழ்நாள் முழுவதும் வருந்தியவர், மனைவியின் கடைசி நேரத்தில் உடனிருந்தார். ஆனால் இதைப் பரிகாரம் என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. அன்று உடனிருக்க நேர்ந்ததால் அவருடைய அன்பு கூடிவிடவில்லை. 1885-இல் உடனில்லாததால் அது குறைந்துவிடவும் இல்லை. அதன்பின் அவரும் மலேரியாவால் படுத்தார். மே 6-ஆம் நாள் விடுதலையானார்.

நம் இல்லங்களுக்கு

அன்பார்ந்தவர்களே, நீங்கள் இன்று வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொண்டிருந்தால், இந்த வாழ்க்கையிலிருந்து சிலவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவதாக, சிறிய தந்தை வந்து, நீ போய்ப் படு என்று சொன்னாரே, அப்படி ஒருவர் உங்களுக்கும் வேண்டும். தொழிற்சாலையில் ஒரே ஆள் மூன்று ஷிப்டும் தொடர்ந்து வேலை செய்ய முடியாது என்று நமக்குத் தெரியும். வீட்டில் மட்டும் அதை ஒரு பெண்ணிடம் எதிர்பார்க்கிறோம். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். மாதத்தில் நான்கு நாள் வந்து தங்கச் சொல்லுங்கள். அன்பியக் கூட்டங்களில் நாமும் ஒன்று செய்யலாம். நோயாளியைச் சந்தித்துச் செபித்துவிட்டுக் காபி குடித்து வருவதோடு நிறுத்தாமல், ஞாயிறு ஒன்றில் இரண்டு மூன்று மணி நேரம் நோயாளியோடு அமர்ந்திருந்து, கவனித்துக்கொள்பவரைத் திருப்பலிக்கோ, கடைத்தெருவுக்கோ, வெறுமனே தூங்கவோ அனுப்பி வைக்கலாம்.

இரண்டாவதாக, உடல் தரும் எச்சரிக்கையைக் கேளுங்கள். தூக்கமின்மை, காரணமின்றி வரும் அழுகை, பிள்ளைகள்மீது எரிந்து விழுதல், சாப்பாட்டில் வெறுப்பு, இந்த மனிதர் போய்விட்டால் நிம்மதி என்ற எண்ணம், அந்த எண்ணம் வந்ததற்காகவே தன்னை வெறுத்தல். இவை பாவத்தின் அடையாளங்கள் அல்ல, களைப்பின் அடையாளங்கள். பல நாட்கள் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மனநலத்திற்கு நாடெங்கும் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனை, பெங்களூரில் நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

மூன்றாவதாக, வீட்டுக்கே வரும் உதவியைப் பயன்படுத்துங்கள். படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் அளிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இத்தகைய உதவி உங்களுக்குக் கிடைக்குமா என்று பகுதிச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.

நான்காவதாக, ஏற்கெனவே ஒருவரை அடக்கம் செய்துவிட்டு, கடைசி நேரத்தில் உடனில்லையே என்று இன்றும் வருந்துபவர்களுக்கு. கெத்சமனித் தோட்டத்தில், தம்மோடு விழித்திருக்கும்படி ஆண்டவர் கேட்டும் சீடர்கள் தூங்கிவிட்டார்கள். துயரம்தான் அவர்களைத் தூங்கவைத்தது என்று லூக்கா நற்செய்தியாளர் பரிவோடு குறிப்பிடுகிறார். உயிர்த்த ஆண்டவர் அதே சீடர்களைத் தேடி வந்தார், அமைதியைத்தான் தந்தார். அந்த இரவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுமட்டுமல்ல, சிலுவையில் தொங்கியபோது தம் தாயைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். இறைமகனே தம் தாயின் பராமரிப்பை இன்னொருவர் கையில் கொடுத்திருக்க, நாம் மட்டும் ஏன் தனியே சுமக்க வேண்டும்?

இன்று இரவு நைட் ஷிப்டுக்குப் புறப்படும் மகனே, உன் தந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு நிம்மதியாகப் போய் வா. பக்கத்து அறையில் கண் அயரும் மகளே, நீயும் தூங்கு. நீங்கள் இல்லாத ஐந்து நிமிடத்திலும் அவரோடு இருப்பவர் ஒருவர் உண்டு. கவனித்துக்கொள்ளும் உங்களையும் அவர் கவனித்துக்கொள்வாராக.